ஒரு டேப்புக்கு இரண்டு பேர்

பேக்கிங் பிரிவில் அவளை எல்லோரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறாள். கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். டேப் தீர்ந்து ஸ்டோருக்கு ஆள் அனுப்பும்போது மட்டும் சிரிக்க மாட்டாள். "ரெண்டு பேரா போங்கடி," என்பாள்.

அந்தச் சட்டம் அவள் போட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் தனியாகப் போனாள். ஸ்டோர்கீப்பர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். டேப் வெட்டுகிற பிளேடு கையில் இருந்ததால் தப்பித்தாள். அவன் முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. மேனேஜரிடம் புகார் கொடுத்தாள். "சாட்சி உண்டாம்மா?" என்று கேட்டே அமுக்கிவிட்டார். அவன் அதே நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான். நல்லா இருப்பானா அவன்!

போன வாரம் ஆண்களுக்கு மட்டும் ஒரு வகுப்பு நடந்தது. பலாத்காரத்துக்குப் பெண்ணின் உடையைக் காரணம் சொல்லாதீர்கள், திருந்த வேண்டியது நாம்தான் என்று வெளியிலிருந்து வந்தவர் மூன்று மணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினார். கடைசியில் ஒரு படிவம்: 'இந்த வகுப்பால் உங்களிடம் மாற்றம் வந்ததா?' நாற்பத்தோரு பேரும் 'ஆம்' என்று டிக் அடித்தார்கள். ஸ்டோர்கீப்பர் இரண்டு டிக் அடித்தானாம்.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "நூத்துக்கு நூறு! இனி என்ன பயம்? ஸ்டோருக்கு ரெண்டு பேர் போறதெல்லாம் இன்னியோட சரி. ஒருத்தர் போனா போதும்."

அவளுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது.

"மாறிட்டியான்னு அவன்கிட்டயே கேட்டா, இல்லன்னா சொல்லுவான்? எங்ககிட்ட கேட்டீங்களா சார்? எங்க பொண்ணுங்க ஸ்டோருக்குத் தனியா போய் நிதானமா நடந்து திரும்புற அன்னிக்கு எழுதுங்க, நூத்துக்கு நூறுன்னு."

"கம்பெனி உத்தரவும்மா. இஷ்டமில்லன்னா வீட்டுக்குப் போலாம்."

"போறேன். அதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டோருக்குப் போனாள். பெண்கள் அத்தனை பேரும் பின்னாலேயே போனார்கள். பேக்கிங் லைன் நின்றது. கதவுக் கீலின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"இந்தம்மாவுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு, யாராவது புடிங்கப்பா!" என்று ஸ்டோர்கீப்பர் கத்தினான்.

ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசிக் கீல் கழன்றதும் கதவு அவள் மேல் சாய்ந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் ஓடி வந்து தோள் கொடுத்துத் தாங்கினான். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து இளித்துக்கொண்டிருந்தவன்.

"என்னடா, திடீர்னு?"

"அவன் கதவைச் சாத்தின அன்னிக்கு நீ கத்தினது எனக்குக் கேட்டுச்சுக்கா. நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டேன். தெரிஞ்சும் சும்மா இருக்கறவனும் கூட்டுதான்னு கிளாஸ்ல சொன்னாரு. சிரிச்சு மழுப்பினேன், முடியல. சாட்சி நான் சொல்றேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பதினாறு வருடம்!

"கதவை நல்லாப் புடி. மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுக்காத."

இருவரும் கதவைத் தூக்கிப் போய் மேனேஜர் அறையில் அவர் கண்ணெதிரே சாய்த்து வைத்தார்கள். மேஜை மேல் கிடந்த படிவம் ஒன்றை அவள் எடுத்தாள். 'மாற்றம் வந்ததா?' என்ற கேள்விக்கு நேராக, 'நாற்பத்தொன்றில் ஒருவன்' என்று எழுதினாள். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பழைய புகாரை முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினாள்.

"சாட்சி உண்டான்னு கேட்டீங்கல்ல சார்? இதோ நிக்கிறான்."