வாடை இல்லாத பசை

எங்கள் பட்டறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கட்டியை முட்டுக் கொடுத்திருந்தோம். பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் அதைக் கருப்பட்டி என்றுதான் நினைப்பார்கள். வாளியின் அடிவட்டம் அப்படியே பதிந்த பழுப்புக் கட்டி. ஏன் எறும்பு மொய்க்கவில்லை என்று ஒரு பெண் கேட்டே விட்டாள். அது பசை. ஏலக்காய் அடைக்கிற பை ஒரே தாளால் ஆனதில்லை. இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை ஒட்டிச் செய்வது. இரண்டு டின்னிலிருந்து ஊற்றிக் கலக்கித்தான் அந்தப் பசையைத் தயார் செய்வோம். கலந்தது கலந்ததுதான், மிஞ்சினால் வாளியிலேயே இறுகிவிடும். அடுப்பில் வைத்தால் உருகாது, கருகும். தின்னரில் ஊறப்போட்டால் ஊதிப் பெருக்குமே தவிரக் கரையாது, நாற்றம்தான் மிச்சம். போடியில், குரங்கணி ரோட்டோரம் நானும் வீட்டுக்காரரும் அந்தப் பட்டறையை ஆரம்பித்தபோது, பை செய்வது எப்படி என்று ஊரெல்லாம் கேட்டோம். மிஞ்சுகிற பசையை என்ன செய்வது என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இடத்துக்குச் சொந்தக்காரர் பக்கத்துக் கோடவுன்காரர், ஏலக்காய் வியாபாரி. உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மூக்கு போடி முழுக்கப் பிரசித்தம். சாக்கை அவிழ்த்து ஒரு பிடி காயை அள்ளி, உள்ளங்கையில் வைத்து வாயால் ஊதிச் சூடாக்கி முகர்வார். பிறகு ஒரே ஒரு சொல்தான் வரும்: மணம், அல்லது வாடை. போடிமெட்டிலிருந்து இறங்கிய ஜீப்பில் மண்ணெண்ணெய் டின் பக்கத்தில் இருந்த சாக்கைக்கூடக் கண்டுபிடித்து ஒதுக்குவார். பக்கத்தில் எது இருந்தாலும் அதை இழுத்து வைத்துக்கொள்வது ஏலக்காயின் குணம். அதனால் கோடவுனுக்குள் பீடி கூடாது, வாசனை எண்ணெய் கூடாது. ஒருநாள் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போன என்னை வாசலிலேயே நிறுத்தினார். “பூவைக் கழட்டி வச்சுட்டு வா தாயி, இல்லேன்னா அங்கிட்டே நில்லு,” என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பூவைக் கழற்றவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

அந்த மனுஷரின் கோடவுனை ஒட்டித்தான் நாங்கள் ஒருநாள் பின்புறத்தில் பசைக் கட்டிகளைக் குவித்துத் தீ வைத்தோம். கறுப்புப் புகை நேராக அவர் ஜன்னலுக்குள் போனது. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். “இந்த வாடை எனக்கு ஆகாது தாயி. வேற எடம் பாத்துக்கங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் மிஷினைத் தரையில் கான்கிரீட் போட்டு இறுக்கியிருந்தோம். அதைப் பெயர்த்து இன்னொரு இடத்தில் உட்கார வைக்க எங்களிடம் தெம்பு இல்லை. இடத்தைக் காலி செய்வது என்றால் தொழிலையே மூடுவது என்றுதான் அர்த்தம்.

அந்தச் சமயத்தில்தான் ஊரெல்லாம் காய்ச்சல் வந்து எல்லாம் மூடிக் கிடந்தது. காலி செய்யச் சொன்னவரே காய்ச்சலில் படுத்துவிட்டார். மதுரையில் கல்லூரியில் வேதியியல் நடத்துகிற என் நாத்தனாரும் வீடு வந்து சேர்ந்தாள். எதைப் பார்த்தாலும் நோண்டாமல் இருக்க முடியாத பிறவி அவள். கதவுக் கட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகத்தால் கீறிப் பார்த்தாள். “மதினி, இதுக்குள்ள எல்லாம் சங்கிலி சங்கிலியாக் கோத்துக் கெடக்கு. கரைக்க நெனச்சா கரையாது, அறுக்கணும்,” என்றாள். தின்னரே வேண்டாம், விளக்கெண்ணெய் போதும் என்று அவள் சொன்னபோது, இந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல் ஏறிவிட்டதோ என்றுதான் நினைத்தேன். ஆனால் விஷயம் ஒன்றும் மாயமில்லை. கட்டியைப் பொடிப்பொடியாக நறுக்கி, விளக்கெண்ணெயும் சிட்டிகை வினையூக்கியும் சேர்த்து, மூடிய பாத்திரத்தில் நல்ல சூட்டில் கிண்ட வேண்டும். எண்ணெய் அந்தச் சங்கிலியை அங்கங்கே அறுத்து, அறுந்த முனையில் தானே போய் ஒட்டிக்கொள்ளும். வடித்துக் கொட்ட எதுவும் மிஞ்சாது, போட்டதெல்லாம் பாகாகிவிடும்.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. முதல் தடவை அடி பிடித்து என் நல்ல குக்கர் ஒன்று போயே போய்விட்டது. “உன் ஆராய்ச்சிக்கு நான்தான் கிடைச்சேனா?” என்று கத்தினேன். அவள் குக்கரின் அடியைச் சுரண்டி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுக்காரர் கொல்லையில் மூடியும் துடுப்பும் வைத்த ஒரு இரும்புப் பாத்திரத்தைப் பொருத்திக் கொடுத்தார். என்னென்னவோ அளவில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, கடைசியில் ஒருநாள் மூடியைத் திறந்தால் உள்ளே தேன் பதத்தில் பாகு. அதோடு அந்த இரண்டு டின்னில் ஒன்றைப் புதிதாகச் சேர்த்துக் கலக்கினால் மறுபடியும் பசை. பைக்கு ஆகாது, அதில் சாப்பிடுகிற பொருள் படும். மரப்பலகைக்கும் பெட்டிக்கும் தாராளமாக ஆகும். என்னையும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கல்லாய்க் கிடந்தது இப்படி வழிகிறதே என்று கரண்டியில் எடுத்து ஊற்றி ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த மாமா மெலிந்திருந்தார். பழைய பேச்சை மறக்கவில்லை. இனிமேல் எரிக்க மாட்டோம் என்று பாகைக் காட்டினோம். “ஒங்க பாகையும் என் காயையும் ஒரே டப்பாவுல மூடி வைங்க. விடிஞ்சு வந்து பாக்குறேன். வாடை ஏறியிருந்தா சோலி முடிஞ்சது,” என்றார். மறுநாள் டப்பாவைத் திறந்தார். நான் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு தள்ளி நின்றேன். நாத்தனார் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவர் ஒரு பிடி அள்ளினார், ஊதினார், முகர்ந்தார். எங்களை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “மணம்,” என்றார். பட்டறை பிழைத்தது. இன்றைக்குத் தேனியிலிருந்துகூட பசைக் கட்டிகளை மூட்டையாக எங்களிடம் அனுப்புகிறார்கள். அவர் இப்போது இல்லை. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது.

அவர் இருந்தபோது ஒருநாள், அந்தப் பசையால் பலகை ஒட்டித் தருவதற்காக, போடிமெட்டுக்கு மேலே இருந்த அவருடைய தோட்டத்துக்கு நானும் நாத்தனாரும் போனோம். காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் நின்று அவர் விலை நிலவரம் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று சாக்கு கருகுகிற நெடி. சூட்டுக் குழாய்மேல் ஒரு காலிச் சாக்கு விழுந்து புகைந்துகொண்டிருந்தது, அவர் முதுகுக்கு நேர் பின்னால். நாங்கள் இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அதை எடுக்க ஓடினோம். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். சாக்கை இழுத்து வெளியே போட்டு மிதித்துவிட்டுத் திரும்பினால், அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

“காய்ச்சல்ல மூக்கே போச்சு தாயி. திரும்பி வந்துரும்னாங்க. வரல,” என்றார். “கண்ணையும் கையையும் வச்சுத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன். வெளிய சொல்லிறாதீங்க, ஏலத்துல ஒருத்தன் என்னை மதிக்க மாட்டான்.”

“அப்ப அன்னைக்கு டப்பாவைத் தொறந்து மணம்னு சொன்னீங்களே?” என்று கேட்டாள் நாத்தனார்.

“ஒன் மொகத்தைப் பாத்துச் சொன்னேன் ஆத்தா. வாடை அடிச்சிருந்தா சுளிச்சிருப்ப. நீ வாயெல்லாம் பல்லா நின்ன.”

கோடவுன் நிறைய அடுக்கியிருந்த சரக்கை ஒரு பெண்ணின் சிரிப்பை நம்பி விட்டிருக்கிறார். அவர் பழக்க தோஷத்தில் ஒரு பிடி காயை அள்ளி ஊதி முகத்தருகே கொண்டுபோய், அப்படியே கீழே இறக்கினார்.

“நெசமாவே அன்னைக்கு வாடை இல்லைல்ல?”

“சத்தியமா இல்லை மாமா. ஏலக்காய் மணந்தான் மணந்துச்சு,” என்றேன்.

“அது எப்படி இருக்கும் தாயி? எனக்கு மறந்துக்கிட்டே வருது.”

பிறந்ததிலிருந்து அந்த மணத்துக்குள்ளேயே இருக்கிறேன். என் சேலையில் இருக்கிறது, தலையணையில் இருக்கிறது. அவருக்குச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிற நாத்தனார் அவர் கையிலிருந்து ஒரு காயை எடுத்து, நகத்தால் கீறி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.