பத்து நாள் தாங்கும் டேங்க்

வெள்ளிக்கிழமை வழக்கப்படி இன்று காலை காருக்குச் சூடம் காட்டப் போனேன். பெட்ரோல் வாடை அடித்தது. குனிந்து பார்த்தால் டேங்க் அடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

நல்லவேளை, சூடம் ஏற்றியிருக்கவில்லை. ஈசன்தான் காப்பாற்றினார்.

மெக்கானிக் வந்து அடியில் படுத்துப் பார்த்தார்.

"உப்புக்காத்துல அரிச்சிருச்சுக்கா. புது டேங்க் போட்டுருவமா?"

"அதுக்கு இப்ப வழியில்ல தம்பி. அவரு துபாய்ல இருந்து தை மாசம் வாராரு. அதுவரைக்கும் தாங்குனாப் போதும்."

பெட்ரோலைக் கேனில் இறக்கிவிட்டு, ஓட்டையில் துணி சோப்பை அழுத்தித் தேய்த்தார். சொட்டு நின்றது. மேலே எம்சீல் பிசைந்து அப்பினார்.

"இது தற்காலிகம்தான். ஓட்டுனா பத்து நாள் தாங்கும். யாருக்கா ஓட்டுறா?"

"யாரும் ஓட்டல. பேட்டரி எறங்கிறக் கூடாதுன்னு அவரு சொன்னாரு. தினமும் ஸ்டார்ட் பண்ணிட்டுக் கொஞ்ச நேரம் உள்ள உக்காந்திருப்பேன்."

கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அப்ப இந்தத் தை என்ன, அடுத்த தை வரைக்கும் தாங்கும்க்கா."

ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் போன பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை.

கார் ஓட்டத் தெரிந்த தோழிகள் யாராவது என்னோடு உத்தரகோசமங்கை ஈசன் கோயில் வரை வருகிறீர்களா? சொல்லுங்கள், ஓட்டினால் பத்து நாள் தாங்குமாம்.