அவன் பெயர் ஒட்டிய குப்பி

எங்கள் தொழிற்சங்க மலரில் போட என் தங்கை புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். பதினெட்டு வருடம் பேருந்து ஓட்டினான், ஒரு விபத்து இல்லை, ஒரு புகார் இல்லை, இப்போது உடல்நிலை காரணமாக ஓய்வு பெறுகிறான் என்று எழுதினால் போதுமாம். எல்லாம் உண்மைதான். ஆனால் என்னால் அதை எழுத முடியவில்லை. அவன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை, என்மேல் உள்ளது அதைவிட அதிகம். மலருக்கு வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும். நடந்ததை நான் இங்கே எழுதுகிறேன்.

அவன் ஓட்டுநர், நான் அதே வண்டியில் நடத்துநர். டேய் போட்டுப் பேசிக்கொண்டிருந்தவர்கள். நான்தான் முன்னின்று என் தங்கையை அவனுக்குக் கட்டிவைத்தேன். அன்றிலிருந்து அவன் மாப்பிள்ளை, வாங்க போங்க என்று நான் மாறிக்கொண்டேன். வீட்டு மாப்பிள்ளை ஒன்று கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும். இதில் அவனை அவன் என்றுதான் எழுதப்போகிறேன்.

கல்யாணத்தின்போது ஒல்லியாக இருந்தவன், பத்து வருடத்தில் வயிறு ஸ்டியரிங்கை இடிக்கிற அளவுக்கு வந்துவிட்டான். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தே வேலை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு டீ, டீக்கு மூன்று கரண்டி சர்க்கரை, கூடவே இரண்டு பன். இனிப்பு உள்ளே போனால்தான் வண்டி ஓட்டும்போது கண் சொக்காது என்பான். அவனுடைய அப்பா சர்க்கரை நோயில் ஐம்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தவர். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் பணிமனையில் ஓட்டுநர்களுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பணிமனை நர்ஸ் அவனைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். நானும் கூட இருந்தேன்.

"இன்னும் சுகர்னு சொல்ல முடியாது, எல்லைக்கோட்டுல நிக்குறீங்க. உங்கப்பாவுக்கு வேற இருந்திருக்கு. தினம் அரை மணி நேரம் நடங்க. டீயில சர்க்கரையை விடுங்க. இந்த வயித்தைக் கொஞ்சம் குறைங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க, மறுபடி பாக்கலாம். இப்பவே கவனிச்சா வராமலே தடுத்துடலாம்."

வெளியே வந்ததும் அவன் சொன்னான், "தினமும் இருநூறு கிலோமீட்டர் போறேன் மச்சான். அது பத்தாதுன்னு அரை மணி நேரம் நடக்கணுமாம்."

டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் பல்லை உடைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து அவன் போகவில்லை. அடுத்த வருடத்திலிருந்து நிர்வாகம் சிக்கனத்தில் இறங்கி, சிறுநீர் மட்டும் பார்த்தால் போதும் என்று முடிவு செய்தது. அதில் ஏதாவது தெரிந்தால்தான் ரத்தம். ஒருவரைக் கூப்பிட்டு விசாரிக்கிற வேலையும் போயிற்று. பெயர் ஒட்டிய குப்பியைக் கொடுப்பார்கள், நிரப்பிக்கொண்டு வரவேண்டும், மறுவாரம் சான்றிதழ். நோய் தெரிந்தால் சிகிச்சை கொடுப்பார்கள் என்று எங்கள் ஆட்கள் யாரும் நினைக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு வாசல் கேட்டில் காவலுக்கு உட்காரவைத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தார்கள். சோதனை ஓட்டுநர்களுக்கு மட்டும்தான். அதனால் சந்தேகம் உள்ள ஓட்டுநருக்கு அவனுடைய நடத்துநர் நிரப்பிக் கொடுப்பது எங்கள் பணிமனையில் ஊரறிந்த ரகசியம். கழிவறைத் தடுப்புச் சுவருக்கு மேலே குப்பியோடு ஒரு கை நீளும், இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வாங்கிக்கொள்ளும்.

"மச்சான், ஒரு சின்ன உதவி."

"எதுக்கு மாப்ள? பயமா?"

"பயமெல்லாம் இல்ல. காலையில ரெண்டு டீ குடிச்சுட்டேன். வீணா எதுக்கு வம்பு?"

நான்கு வருடம் அவன் பெயர் ஒட்டிய குப்பியை நான் நிரப்பினேன். நான்கு வருடமும் சுத்தம் என்று சான்றிதழ் வந்தது. எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

அந்த நான்கு வருடமும் அவன் உடம்பு வாய்விட்டுக் கத்திக்கொண்டுதான் இருந்தது. ஒரு நடைக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் குடிப்பான். வண்டி நின்றதும் குதித்து இறங்கி மறைவைத் தேடி ஓடுவான். பணிமனையே அவனை டேங்கர் என்று பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டது. வைத்தவன் நான். பிறகு தானாகவே இளைத்தான். தொப்பை கரைந்துவிட்டதே, என்ன ரகசியம் என்று ஆளாளுக்குக் கேட்டபோது ஏதோ சாதித்தவன் மாதிரி சிரித்துக்கொண்டான். பாதம் மரத்த மாதிரி இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னான். வண்டியில் உட்கார்ந்தே இருந்தால் அப்படித்தான் என்று நான் பெரிய வைத்தியன் போலப் பதில் சொன்னேன். படுக்கையறைச் சங்கடங்களும் இருந்திருக்கின்றன. ஆம்பளை அதையெல்லாம் வெளியே சொல்வதா என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறான். அதுவும் இந்த நோயின் வேலைதான் என்பது பின்னால் மருத்துவர் சொல்லித்தான் அவனுக்கே தெரியும்.

போன வருடம் ஒரு மதியம், முன் இருக்கையில் இருந்த அம்மாள் ரப்பர் கருகுகிற வாடை வருகிறது என்றார். நான் முன்னால் போய்க் குனிந்து பார்த்தேன். ஓட்டுநரின் இடது காலுக்குப் பக்கத்தில்தான் இன்ஜின் மூடி இருக்கும், தோசைக்கல் மாதிரி கொதிக்கும். அவன் செருப்பு அதில் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. பாதத்தின் ஓரமும் அதன்மேல்தான் இருந்தது. அவன் பாட்டுக்கு முன்னால் போகிற லாரியைத் திட்டிக்கொண்டு ஓட்டினான்.

"மாப்ள, காலு."

"எந்தக் காலு?" என்று கேட்டான்.

வண்டியை ஓரம் கட்டிக் காலை எடுத்தபோது தோல் மூடியோடு போய்விட்டது. அப்போதும் வலிக்கவில்லை என்றான். வலிக்காததைக் கண்டு அவன் பயந்திருக்க வேண்டும், நானும் பயந்திருக்க வேண்டும். அவன் களிம்பைத் தடவி சாக்ஸைப் போட்டுக்கொண்டான். வீட்டில் சொல்லாதீங்க மச்சான் என்றான், நானும் சொல்லவில்லை. மூன்று வாரம். துணி துவைக்கும்போது சாக்ஸில் சீழைப் பார்த்து என் தங்கைதான் கண்டுபிடித்தாள்.

மருத்துவமனையில் எங்களைவிடச் சின்ன வயதுப் பெண் மருத்துவர். தங்கை கட்டியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. விரல்கள் கறுத்திருந்தன. ரத்தத்தில் சர்க்கரை நானூற்று இருபது.

"இவருக்குச் சுகர் எத்தனை வருஷமா இருக்கு?"

என் தங்கை பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். நான்கு சான்றிதழையும் கசங்காமல் வைத்திருந்தாள்.

"சுகரெல்லாம் இல்ல டாக்டர். வருஷா வருஷம் டெப்போவுல பாக்குறாங்க. பாருங்க, நாலு வருஷமும் சுத்தம்."

மருத்துவர் ஒவ்வொன்றாகப் படித்தார். "போன வருஷம் வரைக்கும் இல்லேன்னா இவ்வளவு சீக்கிரம் கால் இந்த நிலைமைக்கு வராதே. அப்போ வேற ஏதாவது காரணம் இருக்கான்னு தேடணும். ஆனா அதுக்கு நேரமில்ல. பாதத்தை இன்னைக்கே எடுக்கணும், விட்டா முழங்காலுக்கு ஏறிடும். இந்த ரிப்போர்ட் சரிதானா?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் சுவரில் ஒட்டியிருந்த காய்கறிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறப்பான் என்று காத்திருந்தேன்.

"அது இவரோடது இல்ல டாக்டர்," என்றேன். "நாலும் என்னோடது."

எல்லாவற்றையும் சொன்னேன். எல்லைக்கோடு, குப்பி, செருப்பு, சாக்ஸ். மருத்துவர் என்னைத் திட்டவில்லை, எழுதிக்கொண்டார். தங்கை அழுவாள், அடிப்பாள், சட்டையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். எதுவும் செய்யவில்லை. நான்கு தாளையும் எடுத்து வரிசைப்படுத்தி என் கையில் வைத்தாள்.

"அப்போ நாலு வருஷமா உனக்கு ஒண்ணும் இல்ல. அப்படித்தானே அண்ணா?"

நான் தலையாட்டினேன்.

"ரொம்பச் சந்தோஷம்," என்றாள். பிறகு மருத்துவர் பக்கம் திரும்பி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.