பொது எண்ணெய்

எங்கள் டிராக்டரின் பின்பகுதிக்குள் என்ன எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பதை முடிவு செய்தவள் நான். அப்போது எனக்குப் பதினோரு வயது. ஆறாம் வகுப்பு, முதல் ரேங்க்.

அப்பா இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். அறுந்த நூலை இயந்திரம் ஓடும்போதே விரலால் பிடித்து ஒட்டவைக்கும் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் அதை விட்டுவிட்டு, கைக்கு வந்ததை முன்பணமாகக் கட்டி, மீதிக்கு வங்கியில் கடன் வாங்கி ஒரு டிராக்டர் எடுத்தார். எங்களுக்குச் சொந்த நிலம் ஒரு குழியும் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வயல்களையும் செண்பகத்தோப்புப் பக்கத்து மாந்தோப்புகளையும் வாடகைக்கு உழுது கொடுப்பது அவர் திட்டம். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

“மில்லுல சங்கு ஊதுனா சோறு வந்துரும். இதுல எது ஊதுனா வரும்னு கேட்டு வச்சுக்கிடுங்க” என்றாள்.

அப்பா வண்டியில் ஏறி ஹாரனை அழுத்திக் காட்டினார்.

முதல் வருடம் சோறு வரத்தான் செய்தது. இரண்டாம் வருடம் ஐப்பசி மழை விழுந்த வாரத்தில் பின்பக்க எண்ணெயை மாற்றும் கணக்கு வந்து நின்றது. வண்டியோடு கொடுத்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அப்பா தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஆங்கிலத்தில் எண்கள் மட்டும் தெரியும். அதனால் வீட்டுக்கு வரும் ஆங்கிலக் காகிதம் எல்லாம் என் கைக்குத்தான் வரும்: வங்கிக் கடிதம், மருந்துச் சீட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் ரசீது. “ஏட்டி, இது என்ன சொல்லுதுன்னு பாரு” என்று நீட்டுவார். காகிதம் என்னிடம் மட்டும் பேசும் என்பது போல, நான் வாசித்து முடிக்கும்வரை மூச்சைக்கூட மெதுவாக விடுவார்.

புத்தகத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருந்தது. அட்டவணைகள் எனக்குப் பிடிக்கும். கோடு போட்ட நோட்டில் நான்கு கட்டம் வரைந்து தமிழில் பெயர்த்து எழுதினேன். எஞ்சினுக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, முன்சக்கரத்துக்குக் கிரீஸ். கடைசி வரியில் கியர், லிப்ட், பிரேக் மூன்றையும் சேர்த்துப் போட்டு, எதிரே ‘யுனிவர்சல்’ என்று தொடங்கும் ஒரு நீளமான பெயர். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. பள்ளியில் பரிசாகக் கிடைத்த சின்ன அகராதியைப் புரட்டினேன். ‘பொதுவான’ என்று போட்டிருந்தது. கட்டத்துக்குள் ‘பொது’ என்று எழுதினேன்.

“பொதுன்னா? எந்த ஆயில்னாலும் ஊத்தலாமா?” என்றார் அப்பா.

யோசித்தேன். தெருமுனையில் பொதுக்குழாய் இருந்தது. அதில் யார் வேண்டுமானாலும் குடம் வைக்கலாம். பொதுவழியில் யாரும் போகலாம். பொது எண்ணெய் என்றால் எதுவும் ஆகும் என்றுதானே வரவேண்டும்? இதில் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. ஆனால் ‘தெரியாது’ என்ற சொல்லை அதுவரை நான் அப்பாவிடம் சொன்னதில்லை.

“ஆமாப்பா. எது வேணாலும்” என்றேன்.

புத்தகம் சொன்னது இதற்கு நேர் எதிர். மூன்று இடத்துக்கும் பொதுவாக ஒரே எண்ணெய். ஆகவே அந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் ஆகாது. அந்த மாடலில் பிரேக் தட்டுகள் எண்ணெய்க்குள்ளேயே கிடக்கும். கியர் பற்களுக்கென்று விற்கும் கெட்டி எண்ணெயை ஊற்றினால் பிரேக் பிடிக்காமல் வழுக்கும், கலப்பையைத் தூக்கும் லிப்டின் பம்ப் திணறும். எந்த இயந்திரத்துக்கு எந்த எண்ணெய் என்று அட்டவணை போடுவது இப்போது என் வேலையில் ஒரு பகுதி. இந்தச் சில வரிகளை எழுத எனக்கு ஒரு டிப்ளமோ தேவைப்பட்டது.

எண்ணெய்க் கடைக்கு அப்பா என்னையும் நோட்டையும் கூட்டிப் போனார். கடைக்காரர் வண்டியின் பெயரைக் கேட்டதும் தலையை ஆட்டினார்.

“அண்ணாச்சி, இதுக்குன்னு தனி ஆயில் இருக்கு. மதுரைக்குச் சொல்லி விடணும். மூணு நாள் ஆகும்.”

“மூணு நாளா? ஈரம் காயுறதுக்குள்ள ஏழு பேருக்கு உழுதாகணும், முதலாளி. புஸ்தகத்துலயே பொதுன்னு போட்டிருக்கு. எம் மக வாசிச்சுச் சொல்லிட்டா.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். “அப்பிடியா போட்டிருக்கு, பாப்பா?”

நான் நோட்டைத் திறந்து கட்டத்தைக் காட்டினேன். கோடுகள் நேராக இருந்தன.

“படிச்ச புள்ள சொல்லுது. பொறவு என்னையச் சொல்லக் கூடாது” என்று தொண்ணூறாம் நம்பர் கியர் எண்ணெயில் இரண்டு கேன்களைத் தூக்கி வைத்தார்.

அன்று சாயங்காலமே லிப்ட் சோம்பலாகத்தான் எழுந்தது. இரண்டு நாளில் பிரேக்கை மிதித்தால் உள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. “புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும். பழகிரும்” என்றார் அப்பா. ஏழு பேரில் ஐந்து பேருக்கு உழுது முடித்தார். ஆறாவது, செண்பகத்தோப்பில் ஒரு மாந்தோப்பு. அங்கே சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. கலப்பையைத் தரையில் இறக்கி நிறுத்தப் பார்த்திருக்கிறார். அது இறங்குவதற்குள் வண்டி ஓடைக்குள் போய்விட்டது. குதித்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. உயிர் இருக்கிறதே என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் இருந்த மெக்கானிக் வண்டியைப் பிரித்த அன்று நானும் போயிருந்தேன். அவர் எண்ணெயில் விரலை விட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். பம்ப் போயிருந்தது, பிரேக் தட்டுகள் போயிருந்தன, முன் அச்சு உடைந்திருந்தது.

“இத யாருண்ணே ஊத்துனது?”

“நாந்தான்.”

“பழைய மாடல் வண்டி ஓட்டுன ஆளு மாதிரி கெட்டி ஆயில ஊத்தியிருக்கீகளே. புக்கு குடுத்திருப்பான்ல? அதுல ஒரே ஆயில்தான்னு தெளிவாப் போட்டிருக்கும்.”

அப்பா கட்டுப் போட்ட கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை.

“புக்க நான் பாக்கல” என்றார்.

அப்பாவுக்கு நான் சொன்னது மறந்துபோய்விட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

வண்டியைச் சரிசெய்ய வழியில்லை. தைக்குப் பிறகு வங்கிக்காரர்கள் அதை இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பா பழைய ஆலைக்குப் போய்க் கேட்டார். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. அந்த விரல்களுக்கு நூல் பிடிபடவில்லை. வலிக்கு இன்னும் கட்டுத்துணி சுற்றியிருந்த அவரைக் கடைசியில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வாசல் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். “நம்ம சரக்கச் சுத்திக்கிட்டே வேலைக்கு வந்த மொத ஆளு நீருதான்வே” என்று அங்கே இருந்தவர்கள் சிரித்தார்களாம். அப்பா அதை வீட்டில் சொல்லித் தானும் சிரித்தார். அம்மா எழுந்து உள்ளே போனாள்.

வண்டி போவதற்கு முன் வங்கியிலிருந்து மூன்று கடிதங்கள் வந்திருந்தன. முதல் கடிதம் வந்தபோது நான் வாசலில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். பழக்கத்தில் கையை நீட்டினேன். அப்பா உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீ வெளாடு தாயி” என்று சொல்லி, உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு நடந்தார். அங்கே ஆங்கிலம் தெரிந்த ஒருவர் இருந்தார். மற்ற இரண்டு கடிதங்களும் அங்கேதான் போயின. அதற்குப் பிறகு வந்த காகிதங்களும்.

அப்பா என்னைத் திட்டவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதையும் வாசிக்கச் சொல்லவும் இல்லை. இரவில் படுத்துக்கொண்டு விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன். மூன்றுமே எனக்கு நல்லவையாகத்தான் தெரிந்தன. அடுத்த கடிதத்தோடு அப்பா தெருவில் இறங்குவதைப் பார்த்தபோது, நமக்கு ஒரு வேலை குறைந்தது என்று நினைத்துக்கொண்டு, கட்டத்துக்குள் ஓட்டாஞ்சில்லை எறிந்தேன்.