அரைக் கேன் தண்ணீர்

பிளாஸ்டிக் கேனுக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால் இன்றும் என் தோள் வலிக்கிறது. இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து மனைவி படுத்திருந்த மழைக்காலம் அது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவளைத் தூக்கி வைத்தவன் அவள் தம்பி. விடுப்பு முடிந்து அவன் ஹேவ்லாக் தீவு விடுதி வேலைக்குத் திரும்புவதற்குள் ஒல்லிக்குச்சியான நான் தூக்கப் பழகியாக வேண்டும்.

பழகுவதற்காக முதல் நாளே இரண்டு தண்ணீர்க் கேன்களை முழுக்க நிரப்பித் தூக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது.

"அரைக் கேன் போதும் அத்தான், ஆராம் சே! மெதுவா ஏத்திக்கலாம்" என்றான் மைத்துனன்.

அப்புறம் அரைக் கேன்தான். அலுவலகக் களைப்போடு நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவேன். சுவரில் கையூன்றித் தள்ளுவேன். உடம்பு ஏறியதோ இல்லையோ, அலுப்பு ஏறியது.

"கேனுக்குக் கைப்பிடி இருக்குங்க. எனக்கு எங்க இருக்கு?" என்று சிரித்தாள் மனைவி. எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

அவன் கிளம்பிய காலையில், முழங்காலை மடக்கி, அவளை மார்போடு சேர்த்துப் பிடித்து எழுந்தேன். நாற்காலியில் பத்திரமாக உட்கார வைத்துவிட்டேன்.

மைத்துனன் பையைத் தோளில் மாட்டினான்.

"மத்தியானம் திரும்பக் கட்டில்ல படுக்க வைக்கணும் அத்தான்."

"தெரியும்டா. நீ கிளம்பு, கப்பல் போயிரும்."