மயிலாப்பூரில் செல்லாமல் போன தம்படி

காலை ஏழு மணிக்குத் திருச்சி வண்டி எழும்பூரில் வந்து நின்றது. நான் பட்டணத்தை விட்டுப் போய்ப் பதினைந்து வருஷமாகிறது. அடுத்த தண்டவாளத்தில் கரியும் இல்லாமல் புகையும் இல்லாமல் மின்சார ரயில் ஒன்று விர்ரென்று போயிற்று. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அன்று வாயைப் பிளந்தது அதோடு நிற்கவில்லை.

வந்த காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சட்டைப்பையில் மஞ்சள் துணியில் முடிந்த தம்படி ஒன்று இருந்தது. பன்னிரண்டு சேர்ந்தால்தான் ஓர் அணா. சர்க்கார் நாணயத்தில் அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அதைக் கொடுத்து என் மகளை மீட்க வேண்டும்.

மயிலாப்பூர் மண்டி ஒன்றில் நான் வேலை பார்த்த காலத்தில் எங்களுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து தங்காமல் போயின. மூன்றாவது பெண். அவளைப் பக்கத்து வீட்டு மைமூன் அக்காவுக்கு ஒரு தம்படிக்கு விற்றோம். விற்ற பிள்ளையை எமன் தேடி வரமாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பேருக்குத்தான் விற்பனை, பிள்ளை எங்களிடமே வளர்ந்தது. மைமூன் அக்காவுக்குக் குழந்தை கிடையாது. நாங்கள் முசிறிக்குப் போய்க் கடை வைத்த பிறகும் வருஷம் தவறாமல் பாவாடை தைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

இப்போது அவளுக்குத் தை மாதம் கல்யாணம். "அடுத்தவங்க பொண்ணை நீங்க எப்படித் தாரை வார்ப்பீங்க? போய் மீட்டுட்டு வாங்க" என்று என் மனைவி ஒரே பிடியாக நின்றாள். விற்ற விலைக்கே மீட்க வேண்டும் என்பது வழக்கம்.

எழும்பூரிலிருந்து மயிலாப்பூர் மூன்று மைல். ஜட்காக்காரர் எட்டணா கேட்டு ஆறணாவுக்குப் படிந்தார். இறங்கும்போது கடைசிக் காலணாவுக்குப் பதில் சில்லறையாக மூன்று தம்படி கொடுத்தேன். மூன்றையும் திருப்பி என் கையிலேயே வைத்தார்.

"இன்னாபா, தம்படியக் குடுக்கிற? இது இங்க போவாது."

"ஏன் போகாது? ராஜா பேர் போட்டிருக்கே."

"பேரு கீது. வாங்கறவன் கீறானா? நிறுத்தப் போறாங்கன்னு பேசிக்கினு கீறாங்க. ஒரு கடையிலும் தொட மாட்றான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முசிறியில் என் கடையில் ஒரு தம்படிக்குக் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் கட்டிக் கொடுக்கிறேன். ராஜா ஒருவர், காசு ஒன்று, பட்டணத்துக்கு மட்டும் தனி நியாயமா? நன்றாகச் சண்டை போட்டுவிட்டுக் காலணாவைக் கொடுத்தேன்.

தெப்பக்குளத்து ஓரத்தில் ஒரு கிழவர் தகரக் குவளையை நீட்டினார். திரும்பி வந்த தம்படிகளில் ஒன்றைப் போட்டேன். எடுத்து என்னிடமே நீட்டினார். "நீயே வெச்சுக்க நைனா. இத்த எட்துக்கினு போனா டீக்கடைல அடிக்க வரான்." பிச்சைக்காரர் எனக்குக் காசு கொடுத்தது என் ஆயுளில் அன்றுதான். இவரே வேண்டாம் என்கிற காசுக்கு ஒருவர் மகளைக் கொடுப்பாரா?

பத்து மணி சுமாருக்குக் கச்சேரி ரோட்டுச் சந்தில் மைமூன் அக்காவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் உட்கார்ந்து ஒரு கோட்டுக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"தம்பியா? என் பொண்ணு எப்பிடி கீறா?"

விஷயத்தைச் சொல்லி முடிச்சை அவிழ்த்து நீட்டினேன். தம்படியைப் புரட்டிப் பார்த்தார்.

"இது இப்ப துட்டே இல்ல தம்பி. நேத்து உப்புக்காரன் விட்டெறிஞ்சான். துட்டில்லாதத வாங்கிக்கினு குடுத்தா, வித்ததா ஆவுமா?"

"அப்படின்னா காலணாவா வச்சுக்குங்க அக்கா."

அவர் ஊசி நின்றது. "தம்படிக்கு வாங்கினவ நான். காலணாவுக்கு வித்தா ரெண்டு தம்படி லாபம். புள்ளய வித்து லாபம் பாத்தேன்னு நாளைக்கு அல்லா முன்னால நிக்கவா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. தம்படி என்றால் விளையாட்டு. காலணா என்றால் அது விலை.

அவரே எழுந்து வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டார். "வா. எவனாவது ஒருத்தன் வாங்கட்டும், நானும் வாங்கிக்கிறேன்." வெற்றிலைக் கடை, எண்ணெய்க் கடை, பூக்கடை என்று ஏறி இறங்கினோம். ஒருவரும் கை நீட்டவில்லை. மளிகைக்காரர் ஒருவர், "உப்பு வேணும்னா சும்மா அள்ளிக்கிட்டுப் போங்கம்மா, அதை மட்டும் நீட்டாதீங்க" என்றார். ஓசியில் உப்புக் கொடுக்கிற மனுஷருக்குச் சர்க்கார் காசு கசக்கிறது.

உச்சி வெயிலில் நடுத்தெருவில் நின்றோம். "கல்யாணம் நின்னுடும் அக்கா" என்றேன்.

"ஏன் நிக்கும்? விக்க முடியலன்னா என் பொண்ணு என் பொண்ணுதான். நானே வந்து கையப் பிடிச்சுக் குடுக்கறேன். வண்டி எப்ப?"

சம்பந்தி வீட்டார் முகம் வரிசையாக என் கண்முன் வந்து நின்றது. பந்தலில் பெண்ணின் தாயாகத் துப்பட்டி போர்த்திய அக்கா. "சாயங்காலம்" என்றேன்.

எழும்பூரில் மூன்றாம் வகுப்பில் இரண்டு டிக்கெட்டுக்குப் பணம் எடுத்தேன். அக்கா என் கையைத் தள்ளிவிட்டார். "பொண்ணப் பெத்தவளுக்கு நீ இன்னா டிக்கெட் வாங்கறது?" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தன் டிக்கெட்டைத் தானே வாங்கினார். கையில் ஒரு மூட்டை. அதற்குள் பச்சைப் பட்டு ரவிக்கை இருந்தது. எப்போது தைத்தார் என்று நான் கேட்கவில்லை.

தாம்பரம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார். "தம்பி, உங்க ஊர்ல தம்படி செல்லுமா?"

செல்லும். என் கல்லாப்பெட்டியிலேயே கை நிறையக் கிடக்கிறது. ஊரில் இறங்கியதும் கொடுத்தால் மறுப்பின்றி வாங்கிக்கொள்வார். அடுத்த வண்டியில் திரும்பியும் போய்விடுவார். சம்பந்தி வீட்டாருக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. அவர் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

"செல்லாது அக்கா" என்றேன். என் வாயிலிருந்து வந்ததுதானா என்று எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"அப்ப சரி" என்று மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார்.