பேட்டரிப் பெட்டிக்கு வந்த சோதனை

மார்ச் 2: 214 பேட்டரிகள், 6 கிலோ 700 கிராம்.
ஏப்ரல் 6: 188 பேட்டரிகள், 5 கிலோ 900 கிராம்.
மே 4: 301 பேட்டரிகள், 9 கிலோ 100 கிராம்.
ஜூன் 1: ஒன்றும் இல்லை.

செல்போன் பழுதுபார்க்கும் அந்தப் பெண்ணுக்குத் தெரு வைத்த பெயர் மின்னல். உடைந்த போனைக் கொடுத்தவர் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் சரிசெய்து நீட்டிவிடுவாள். அந்த அவசரமே ஒருமுறை வினையானது. ஐந்து வருடத்துக்கு முன்பு, உப்பிப்போன பேட்டரி ஒன்றைக் கடைக் குப்பையோடு சேர்த்துப் போட்டுவிட்டாள். குப்பை வண்டியில் அது நசுங்கித் தீப்பிடித்ததில் வண்டிக்காரரின் உள்ளங்கை வெந்துபோனது. அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் அவளை அரித்தது. மறு மாதமே மறுசுழற்சி ஆலைக்கு எழுதி, அனுமதி வாங்கி, கடை வாசலில் பழைய பேட்டரிகளுக்கென்று ஒரு பெட்டி வைத்தாள்.

ஷேவர், டிரில், பொம்மைக் கார் என்று எதன் பேட்டரி செத்தாலும் அந்தப் பெட்டிக்கு வந்து சேரும். மாலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் முனைகளிலும் டேப் ஒட்டுவாள். உப்பியவற்றைத் தனியாக மணலில் புதைத்து வைப்பாள். மாதம் ஒருமுறை ஆலையின் வண்டி வந்து எடுத்துப் போகும்.

மே 17 அன்று டேப் தீர்ந்துவிட்டது. வாங்கிக்கொண்டு திரும்பியபோது கடைக்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை. உள்ளே நாத்தனார் பெருமையாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மருத்துவமனைச் சமையலறையில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் வேலை.

“அண்ணி, டேப்புக்கு ஏன் அலையறீங்க? எல்லாத்தையும் ஃபாயில் பேப்பர்ல மடிச்சுட்டேன். எவ்வளவு லட்சணமா இருக்கு பாருங்க!”

“அடிப்பாவி! அதுல கரண்ட் பாயுமே! ரெண்டு முனையையும் நீயே சேர்த்து வச்சிருக்கியே!”

“சோத்துப் பொட்டலத்துக்கு ஒண்ணும் ஆகறதில்லையே...”

“சோத்துக்கு ஏதுடி பிளஸ்ஸும் மைனஸும்? தள்ளு, தள்ளு!”

மின்னல் நீள இடுக்கியால் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொல்லையில் கொட்டியிருந்த மணலில் போட்டாள். ஒன்றிலிருந்து புகை வந்து அடங்கியது. பெட்டியின் ஒரு மூலை மட்டும் பழுப்பேறியிருந்தது.

பக்கத்துக் கடையில் தையல் வேலை பார்க்கும் கணவர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடிவந்தார். “யாருக்கும் ஒண்ணும் ஆகலை இல்ல? அப்புறம் என்ன, வாயை மூடிட்டு இரு. ஆலைக்குத் தெரிஞ்சா பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுவாங்க.”

அவளுக்கும் அதே பயம்தான். பெட்டி போனால் தெரு முழுக்கப் பேட்டரிகளை மறுபடியும் குப்பையில் போடும். இன்னொரு கை வேகும்.

“மறைச்சா, இதே மாதிரி பெட்டி வச்சிருக்கிற வேற கடையிலயும் யாராவது இதையே செய்வாங்க. அங்கேயும் ஒரு நாத்தனார் இருப்பா இல்ல?” என்றாள்.

“இருப்பா. ஆனா என்னை மாதிரி அழகா மடிக்க மாட்டா,” என்றாள் நாத்தனார்.

அன்றே மின்னல் நடந்ததை நடந்தபடி ஆலைக்கு எழுதி அனுப்பினாள். மே 24-இல் பதில் வந்தது: சோதனை முடியும்வரை பெட்டியை மூடி வைக்க வேண்டும். ஜூன் 1-இல் வண்டி வெறுமனே வந்து திரும்பியது. பேட்டரியோடு வந்தவர்களிடமெல்லாம், “டேப் ஒட்டி வீட்டிலேயே வச்சிருங்க, குப்பையில மட்டும் போட்டுடாதீங்க” என்று கெஞ்சியே அவளுக்குத் தொண்டை கட்டிப்போனது.

ஜூன் 14-இல் ஆலையின் சோதனை அதிகாரி வந்தார். பழுப்பேறிய மூலையைத் தடவிப் பார்த்தார். எப்படி மடித்தது என்று கேட்டார். நாத்தனார் ஒரு மரக்கட்டையை எடுத்து நான்கே மடிப்பில் மடித்துக் காட்டினாள்.

“இவ்வளவு நேர்த்தியா இருந்தா எனக்கே சந்தேகம் வராதும்மா.”

“பாராட்டறீங்களா சார், திட்டறீங்களா?”

“ரெண்டும்தான்.”

அவர் சிரித்தார். ஆனால் முடிவைச் சொல்லாமலே போய்விட்டார். அதன் பிறகு தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே மின்னலின் கைவேகம் நின்றுவிடும்.

கடைசிக் கடிதத்தில் இரண்டே செய்திகள். பெட்டியை அன்றே திறக்கலாம். நாற்பத்தாறு சேகரிப்புக் கடைகளுக்கும் அனுப்பும் விதித்தாளில் ‘அலுமினியத் தாளில் சுற்றக் கூடாது’ என்ற வரி புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நாத்தனார் அந்த வரியை மருத்துவமனைச் சமையலறை முழுக்கப் படித்துக் காட்டிவிட்டு வந்தாள். கடிதம் வந்து சேர்ந்த தேதி ஜூலை 3.